லாரா கிராஃப்ட் போனக்காட்டில் மலை ஏறுவாளா?

வீடியோ கேம் பற்றி நான் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். கடைசியாக ஆடிய கேம் நோக்கியா போனில் வந்த பாம்பு. அதுவும் சுவரில் முட்டிச் சாகும் ரகம் :-)

ஆனால் வீட்டில் பதினான்கு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் ஆளுக்கொரு கேம் கதாபாத்திரத்தை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். "அப்பா, உங்க ஊர் மலையைத்தான் கேமுக்கு வெச்சிருக்கேன். ஒரு பொண்ணு தனியா அந்த மலை ஏறுறா" என்று ஓடி வந்து காட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டொராண்டோவில் பிறந்த பிள்ளை போனக்காட்டை நினைவில் வைத்திருக்கிறதே!

படத்தைப் பார்த்தேன். மலை நன்றாகவே வந்திருந்தது. பெண்ணுக்குத்தான் இடுப்பு என் மணிக்கட்டு அளவு. கால் மட்டும் உடம்பில் முக்கால்வாசி. கை முருங்கைக்காய்.

"இந்தப் பொண்ணு மலை ஏறுவாளாம்மா?" என்றேன்.

"கேம்ல எல்லாரும் இப்படித்தாம்பா இருப்பாங்க" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. ரோஜா சிவப்பு என்பது போல சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று ராத்திரியும் அவள் தட்டில் சோற்றைப் பாதி ஒதுக்கி வைத்தாள். இரண்டு மூன்று மாதமாகவே அப்படித்தான். கேம்தான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் கணக்கில் எங்கோ உதைக்கிறது என்று தெரிந்தால் பழைய பதிவேடுகளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், ஊரைப் பற்றி இரண்டு வரி. போனக்காடு திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் தேயிலை எஸ்டேட். வெள்ளைக்காரன் காலத்தில் உண்டானது. லயங்களில் இருந்தவர்களில் நிறையப் பேர் எங்களைப் போலத் தமிழ் பேசும் குடும்பங்கள். தேயிலைத் தொழிற்சாலை நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இணையத்தில் இன்று போனக்காடு என்று தேடினால் முதலில் வருவது ஒரு பேய்ப் பங்களா. வெள்ளைக்கார மேனேஜரின் மகள் சின்ன வயதில் செத்துப்போய் ஆவியாகத் திரிகிறாள் என்று கதை. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்களைத் தேடினால் அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. இருந்த பெண்களுக்குப் படம் இல்லை, இல்லாத பெண்ணுக்கு ஏகப்பட்ட வீடியோ.

என் ஆச்சி அந்தப் பெண்களில் ஒருத்தி. காலை வெளிச்சம் வரும்போது மலைச்சரிவில் நிற்பாள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, கூடையின் கயிறு தலையில். மழையானாலும் அட்டையானாலும் சாயங்காலம் வரை ஏறி இறங்க வேண்டும். அதனால் எனக்கு ஒரு பெண் மலை ஏறுகிறாள் என்றாலே கண் முன்னால் வருவது அந்த உடம்புதான். கேம் சரித்திரத்தைப் படிக்கும்போதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டேன். இந்த உடம்பு அந்த வேலையைச் செய்யுமா?

ரிப்பன் கட்டிய வட்டம்

1980-ல் ஜப்பானில் பேக்-மேன் வந்தது. மஞ்சள் வட்டம், ஒரு வாய், அவ்வளவுதான். 1982-ல் அமெரிக்காவில் மிஸ் பேக்-மேன் வந்தாள். அதே வட்டம்தான். அதற்குத் தலையில் ஒரு ரிப்பன், உதட்டுச் சாயம், கன்னத்தில் ஒரு மச்சம். வேலை இருவருக்கும் ஒன்றே: ஓடி ஓடிப் புள்ளி விழுங்க வேண்டும். இதில் உடம்பு என்று ஒன்று இல்லாததால் என் கேள்விக்கும் வேலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் என்றால் வெறும் வட்டம் போதும். பெண் என்று காட்ட அலங்காரம் வேண்டும்.

1986-ல் நிண்டெண்டோவின் மெட்ராய்டு. முழுக் கவசம் போட்ட வீரர் ஒருவர் வேற்றுக் கிரகத்தில் சண்டை போடுகிறார். ஆட்டத்தை முடித்தால் கவசம் கழன்று, "அட, இது பெண்!" என்று தெரிகிறது. சாமுஸ் என்று பெயர். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு குறைவான உடையில் அவள் வந்து நிற்பாள். வேகமாக முடித்தவருக்குப் பரிசு, நீச்சலுடையில் சாமுஸ். அத்தனை நேரம் அவள் போட்ட சண்டைக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. நம்ம ஊர் யோகி தல்சிம் கையை நீட்டி அடிப்பாரே, அதேதான். அதில் சுன்-லி என்ற சீனப் பெண் உண்டு. உதைப்பதுதான் அவள் சண்டை முறை. அவளுக்குத் தொடை உரல் மாதிரி வரைந்திருந்தார்கள். மிகைதான், ஆனால் வேலைக்குப் பொருந்தும் மிகை. என் கேள்விக்கு முதல் முறையாக 'ஆமாம்' என்று பதில் சொன்னவள் அவள்.

லாரா வந்த கதை

1996-ல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் கோர் டிசைன் என்ற நிறுவனம் டூம் ரெய்டர் என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்தது. பாழடைந்த கோயில்களிலும் குகைகளிலும் ஏறித் தாவிப் புதையல் தேடும் பெண், லாரா கிராஃப்ட். உருவாக்கியவர் டோபி கார்ட். முதலில் அவளைத் தென்னமெரிக்கப் பெண்ணாக, லாரா க்ரூஸ் என்ற பெயரில் யோசித்திருந்தார்கள். பிறகுதான் ஆங்கிலப் பிரபு வீட்டுப் பெண்ணாக மாறினாள்.

லாராவுக்கு அப்படி ஒரு மார்பும் இடுப்பும் ஏன் என்றால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் சொல்லலாம். முப்பரிமாண உருவத்தைக் கம்ப்யூட்டர் முக்கோணங்களை ஒட்டித்தான் செய்கிறது. 1996-ல் இருந்த பிளேஸ்டேஷனால் ஓர் ஆளுக்குச் சில நூறு முக்கோணங்களுக்கு மேல் செலவழிக்க முடியாது. குறைந்த துண்டுகளில், சின்னத் திரையில், தூரத்தில் ஓடுகிறவள் பெண் என்று தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் வேண்டும். மிஸ் பேக்-மேனின் ரிப்பன் மாதிரி.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷா வருஷம் இயந்திரத்தின் சக்தி ஏறிக்கொண்டே போனது. சில நூறு முக்கோணம் சில ஆயிரமாகி, பிறகு லட்சத்தையும் தொட்டது. தனித்தனி மயிரிழை வந்தது, கண்ணில் ஈரம் வந்தது. இடுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. அப்படியானால் பிரச்சனை இயந்திரத்தில் இல்லை.

எங்கே இருந்தது என்று வணிகவியல் படித்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். வாங்குகிறவன் இளவயதுப் பையன் என்று கம்பெனிகள் முடிவு கட்டிவிட்டன. 1997-ல் இங்கிலாந்தின் தி ஃபேஸ் பத்திரிகை லாராவை அட்டையில் போட்டது. மாடல் பெண்களை வேலைக்கு அமர்த்தி லாரா வேஷம் போட்டு விழாக்களுக்கு அனுப்பினார்கள். அவளைப் பெற்றெடுத்த டோபி கார்ட் அந்த 1997-லேயே கம்பெனியை விட்டு விலகினார். அவளை விற்ற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

"ஆம்பளைங்களையும்தான் பூதம் மாதிரி வரையறாங்க" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். வாஸ்தவம். ஆனால் கோடரி வீசுகிறவனுக்குப் பெரிய தோள் என்பது அவன் வேலை போகிற திசையிலேயே போகும் மிகை. மலை ஏறுகிறவளுக்கு மெலிந்த கை, போர் செய்கிறவளுக்குக் குதிகால் செருப்பு என்பது வேலைக்கு எதிர்த் திசையில் போகும் மிகை. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுத முடியாது.

ஆண்கள் வரைவதால்தான் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. 2009-ல் வந்த பயோனெட்டா, குதிகாலிலேயே துப்பாக்கி வைத்திருக்கும் ஒட்டடைக்கம்பு உயரப் பெண். அவளை வடிவமைத்தது மாரி ஷிமாசாகி என்ற பெண்.

செலவுக் கணக்கு

நடுவில் சில நல்ல பெண்களும் வந்தார்கள். 2004-ல் ஹாஃப்-லைஃப் 2 ஆட்டத்தில் அலிக்ஸ் சாதாரண ஜீன்ஸ் போட்டு, ஒழுங்கான உடம்போடு வந்தாள். 2008-ல் மிரர்ஸ் எட்ஜ் ஆட்டத்தில் ஃபெயித். கூரைக்குக் கூரை தாவி ஓடுவது அவள் வேலை. ஓட்டக்காரிக்குரிய உடம்பு. ஆசியர்களுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும் என்று ஒரு ரசிகர் அவள் முகத்தைக் குழந்தை முகமாக்கி, மார்பைப் பெரிதாக்கிப் படம் போட்டார். அது தன்னை வருத்தப்படுத்தியது என்று அந்த ஆட்டத்தின் தயாரிப்பாளரே சொல்ல வேண்டி வந்தது.

2012-ல் அனிதா சர்கீசியன் என்ற பெண், கேம்களில் பெண்களைக் காட்டும் விதம் பற்றி வீடியோத் தொடர் எடுக்கப் பொதுமக்களிடம் நிதி கேட்டார். 2013-ல் தொடர் வெளியாகத் தொடங்கியது. கேட்டது நிதி, வந்தது கொலை மிரட்டல். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்த கூட்டத்துக்குத் துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்து, பேச்சை ரத்து செய்தார். பொம்மையின் இடுப்பைப் பற்றிப் பேசினால் உயிருக்கே ஆபத்து!

அதே 2014-ல் இன்னொரு வேடிக்கை. யுபிசாஃப்ட் நிறுவனம் தன் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி ஆட்டத்தில் நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது பெண் பாத்திரமாக ஆட முடியாது என்றது. காரணம்? பெண்ணுக்குத் தனி உடை, தனி அசைவு, வேலை இரட்டிப்பாகிவிடும் என்றார்கள். அதே வரிசையின் முந்தைய ஆட்டத்தில் அசைவுகளைக் கவனித்த ஜொனாதன் கூப்பர், இது ஒன்றிரண்டு நாள் வேலைதான் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். இந்த மாதிரிச் செலவு மதிப்பீடு என் மேசைக்கு வந்தால் நான் கடன் கொடுக்க மாட்டேன்.

2015-ல் உணவுக் கோளாறுகள் பற்றிய அமெரிக்க இணையதளம் ஒன்று, பிரபலமான கேம் நாயகிகளைச் சராசரி அமெரிக்கப் பெண்ணின் அளவுக்கு மாற்றி வரைந்து பக்கத்துப் பக்கமாகப் போட்டது. அந்தப் படங்களை இப்போது என் மகளுக்குக் காட்டினேன். அவள் நிறைய நேரம் பார்த்தாள். "இவங்க நிஜமா இருப்பாங்க போல" என்றாள். "ஆனா ஹீரோ மாதிரி இல்லை."

இரண்டாவது வாக்கியம் எனக்கு வலித்தது.

இருக்கும் உடம்பை இல்லை என்றார்கள்

லாராவே 2013-ல் மாறினாள். கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் மறுபடி உருவாக்கியபோது அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டை வந்தது. அடிபட்டால் ரத்தம், சேறு, மூச்சிரைப்பு எல்லாம் வந்தது. கதை எழுதியவர்களில் முக்கியமானவர் ரியானா பிராட்செட் என்ற பெண்.

2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம். அதில் ஆபி என்ற பெண் சிப்பாய். தோளும் புஜமும் பார்த்தால் நம்ம ஊர் மூட்டை தூக்கும் ஆள். அவள் தங்கும் இடத்தில் உடற்பயிற்சிக் கூடம் இருப்பதையும் ஆட்டத்திலேயே காட்டுகிறார்கள். உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. "ஒரு பெண்ணுக்கு இப்படி உடம்பு இருக்கவே முடியாது!"

இதில் உள்ள கூத்து என்னவென்றால், அந்த உடம்பு காலீன் ஃபாட்ச் என்ற அமெரிக்க விளையாட்டு வீராங்கனையின் உடம்பை மாதிரியாக வைத்துச் செய்தது. உயிரோடு, ரத்தமும் சதையுமாக நடமாடுகிறவர். இருபது வருஷமாக இல்லாத இடுப்பை நம்பியவர்களால் இருக்கும் புஜத்தை நம்ப முடியவில்லை. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது.

இதற்கு நேர் மறுபக்கமும் உண்டு. 2024-ல் வந்த கொரியாவின் ஸ்டெல்லர் பிளேடு நாயகி, லாராவையே தோற்கடிக்கும் வளைவுகளோடு வந்தாள். அதுவும் ஒரு நிஜ மாடல் பெண்ணின் உடம்பை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச் செய்ததுதான். அப்படியும் உடம்பு உலகத்தில் இருக்கிறது. ஆகவே எதார்த்தம் என்பது ஸ்கேன் எடுப்பதில் இல்லை. அந்த உடம்பு என்ன வேலை செய்து அப்படி ஆனது என்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்ணுடம்பால் முடியும் என்பதை நம்ப மறுப்பது கேமில் மட்டும் நடப்பதில்லை. எங்கள் போனக்காட்டிலேயே நடந்தது. ஊருக்கு மேலே நிற்கும் அகஸ்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். வருஷா வருஷம் தை மாசி வாக்கில் வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்கும். நடை தொடங்குவது போனக்காட்டில். நடுவில் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி. 2018 தீர்ப்புக்கு முன்பு வரை பெண்களுக்கும் பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அனுமதி இல்லை என்று இருந்தது. கடினமான பாதை, நல்ல உடல்திறன் வேண்டும் என்பது வனத்துறையின் விதி. அகத்தியர் தங்கள் தெய்வம், பெண்கள் அங்கே ஏறுவது வழக்கமில்லை என்பது மலையில் வாழும் காணி மக்களின் நம்பிக்கை. நம்பிக்கையை நான் இங்கே எடை போடவில்லை. உடல்திறன் என்ற வார்த்தையைத்தான் பார்க்கிறேன்.

2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சிக்குப் போய்த் திரும்பினார். திருவனந்தபுரத்தில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி. அப்போது வயது 38. காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் வழியை மறிக்கவில்லை.

செய்தியை இங்கே பனிக்குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தபோது எனக்குச் சந்தோஷமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த மலையின் அடிவாரத்தில் ஆச்சியும் அவள் கூட்டாளிகளும் முதுகில் கூடையோடு ஏறி இறங்கி எஸ்டேட்டையே நடத்தியிருக்கிறார்கள். அதற்கு உடல்திறன் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. கூலிக்கு ஏறினால் முடியும், தன் ஆசைக்கு ஏறினால் முடியாது. இது என்ன கணக்கு?

ஒரு அம்மா நாயகியானாள்

கடைசியாக ஒன்று. நான் இருக்கும் இதே டொராண்டோவில் விசை கேம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம். அபி என்ற தமிழ்ப் பிள்ளையின் தலைமையில் செய்த ஆட்டம் 2023 ஜூலையில் வந்தது. பெயரே வெண்பா. 1980-களில் கனடாவுக்குக் குடிவந்த தமிழ் அம்மா ஒருத்தி, தன் அம்மா கொடுத்த, அழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். நம்பமாட்டீர்கள், நான் முதல் தடவை தோற்றேன். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

2024-ல் அந்த ஆட்டத்துக்கு இங்கிலாந்தின் பாஃப்டா விருது கிடைத்தது, அறிமுக ஆட்டம் என்ற பிரிவில். சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் தலைமைப் பரிசும் அதற்குத்தான்.

வெண்பா பொம்மைப் படம் மாதிரி வரைந்தவள். ஸ்கேன் இல்லை, லட்சம் முக்கோணம் இல்லை. ஆனால் அவளுக்குக் களைப்பு வருகிறது. மசக்கை வருகிறது. கதை போகப் போக வயதாகிறது. நம் வீட்டில் அடுப்படியில் நிற்கும் ஆள். என் கேள்விக்கு இதை விடச் சரியான பதிலை நான் பார்க்கவில்லை. வாள் தூக்காத, குட்டிக்கரணம் போடாத ஒரு தமிழ் அம்மாவை நாயகி என்று வைத்து ஆடலாம் என்று இந்த உலகம் ஒப்புக்கொள்ள, ரிப்பன் கட்டிய வட்டத்திலிருந்து 41 வருஷம் ஆகியிருக்கிறது.

மகளும் நானும் சேர்ந்து வெண்பாவை ஆடி முடித்தோம். முடிந்ததும் அவள் கேட்டாள். "அப்பா, ஆச்சி போட்டோ இருக்கா? முழு ஆளா தெரியுற மாதிரி?"

தேடினேன். ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டும் கேட்டேன். இருப்பது ஒன்றே ஒன்று, அட்டைக்கு எடுத்த தலைப் படம். கழுத்துக்குக் கீழே ஆச்சிக்குப் படமே கிடையாது.

"அப்ப ஆச்சி எப்படி நிப்பாங்கன்னு காட்டுங்க."

துணி போடும் கூடையை எடுத்து முதுகில் வைத்து, துண்டைக் கயிறாக்கித் தலையில் மாட்டினேன். முன்னால் குனிந்து, கீழ்க்காலை அகலமாக ஊன்றி, மேல்காலை மடக்கி நின்றேன். கழுத்து இப்படிப் புடைக்கும், கையில் இந்த இடத்தில் நரம்பு தெரியும், காலை இப்படிப் பெருவிரலால் பிடித்துத்தான் வைப்பாள் என்று சொல்லச் சொல்ல அவள் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்தில் எனக்கு முதுகு விட்டுப்போனது. "அசையாதீங்கப்பா" என்று அதட்டல் வேறு.

படம் இன்னும் முடியவில்லை. பழைய ஒட்டடைக்கம்புப் பெண்ணையும் அவள் அழிக்கவில்லை, இரண்டும் மேசையில் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன. எதை வகுப்புக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி தட்டில் பாதிச் சோறு ஒதுக்கினாளா என்றால், ஒதுக்கினாள். ஆனால் சாப்பிடும்போது, "ஆச்சி மத்தியானம் என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். கட்டன் சாயாவும் கப்பையும், ஒரு நாளைக்குப் பழையசோறும் என்று சொல்ல ஆரம்பித்தேன். மணி பதினொன்று ஆகிவிட்டது.